வெண்டைக்காய் மண்டி வைக்க மொதல்ல வெண்டைக்காய் வேணும்ல

ரெண்டு வருஷம் இருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வெண்டைக்காய் மண்டி சாப்பிடணும்னு திடீர்னு ஒரு ஆசை. தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன், மண்டின்னா அரிசி களைஞ்ச ரெண்டாவது தண்ணில புளியக் கரைச்சு, சின்ன வெங்காயம் பூண்டு பச்சமொளகாயோட வெண்டைக்காய வதக்கிப் போட்டு கொஞ்சம் கெட்டியா எறக்குறது. எங்க செட்டிநாட்டுப் பக்கம் விருந்துலயும் இருக்கும், கையில காசில்லாத அன்னைக்கும் இருக்கும், கழனித்தண்ணிக்கு யாரும் காசு கேக்கப் போறதில்லல்ல. சரின்னு பைய எடுத்துக்கிட்டு தெருவுல எறங்குனேன். மூணு பெட்டிக்கடை. மூணுலயும் அஞ்சு ரூபா சிப்ஸ் பாக்கெட்டு மாலை மாதிரி தொங்குது, ஷாம்பு தொங்குது, ஊறுகாய் பாக்கெட்டு தொங்குது. உருளைக்கிழங்கு, வெங்காயம் கூடைல கெடக்கு. ஒரு கடைல தக்காளி இருந்துச்சு, தொட்டா வெரல் உள்ள போயிரும் போல. வெண்டைக்காயான்னு கேட்டதுக்கு கடைக்கார அண்ணன் சிரிச்சாரு, "அதெல்லாம் யாருப்பா இங்குன வாங்குறா"ன்னு.

அந்தக் கேள்விதான் இந்த போஸ்ட்டே. யாரும் வாங்காததால வரலயா, வராததால யாரும் வாங்கலயா.

நான் இருக்குறது காரைக்குடியோட ஓரத்துல. 2024ல ஊரு மாநகராட்சி ஆயிருச்சு, போர்டெல்லாம் மாத்தி எழுதிட்டாங்க, ஆனா எங்க தெருவுக்கு காய் வர்ற வழி மாறல. சித்தாள் வேலைக்குப் போறவங்க, பெரிய வீடுகள்ல பாத்திரம் வெளக்கப் போறவங்க, ஓட்டல்ல வேலை பாக்குறவங்க, லோடுமேன், இவங்கதான் எங்க தெரு. காலைல ஆறரைக்கெல்லாம் பாதி வீடு பூட்டியிருக்கும். உழவர் சந்தை ஊருக்கு நடுவுல இருக்கு, நல்ல விஷயம்தான், 1999 நவம்பர் 14ல மதுரை அண்ணா நகர்ல மொத சந்தையத் தொறந்தாங்க, விவசாயி அட்டை வாங்கிக்கிட்டு நேரா வந்து உக்காந்து விப்பாரு, நடுவுல கமிஷன் கெடையாது, அன்னைக்கு வெலையப் போர்டுல எழுதிப் போட்டுருவாங்க. ஆனா அது காலைல நடக்குற சந்தை. வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வர்றவங்களுக்கு அந்தப் போர்டால என்ன பிரயோசனம்? 2021லேர்ந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அது எங்க தெருவுக்கு எம்புட்டு பெரிய உதவின்னு வார்த்தைல சொல்ல முடியாது, ஆனா பஸ்ஸு வர்ற நேரம்னு ஒண்ணு இருக்குல்ல. விட்டா ஷேர் ஆட்டோ, போக இருபது வர இருபது. நாப்பது ரூபா செலவு பண்ணிப் போயி அம்பது ரூபாய்க்கு காய் வாங்கிட்டு வர்றதுக்கு அந்த அம்பதுக்கும் பரோட்டா வாங்கிறலாம்னு எங்க எதுத்த வீட்டு அக்கா சொல்லும். தப்புன்னு சொல்ல முடியுமா.

தெருவுக்குள்ள குட்டியானை வரும், மைக்கு கட்டிக்கிட்டு, தக்காளி மூணு கிலோ நூறு ரூபான்னு. ஒரு கிலோ குடுங்கன்னா தரமாட்டாரு. அவரு பக்கமும் நியாயம் இருக்கு, நின்னு நின்னு ஒவ்வொரு கிலோவா நிறுத்துக்கிட்டிருந்தா டீசலுக்குக் கட்டாது. ஆனா ப்ரிஜ் இல்லாத வீட்டுல மூணு கிலோ தக்காளிய வச்சு என்ன பண்றது, மூணாவது நாள் கொசுதான் சாப்பிடும். நாள் கூலி வாங்குறவங்க கைல மொத்தமா நூறு ரூபா காய்க்குன்னு இருக்கணுமே அதுவும் ஒரு பிரச்சன. ரேஷன்ல அரிசி காசில்லாம வருது, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அந்த மட்டுக்கும் எங்க தெருவுல யாரும் வயித்துக்கு இல்லாம படுக்குறதில்லன்னு தைரியமா சொல்லலாம். வயிறு ரொம்புது. தட்டுலதான் பச்சையா ஒண்ணும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு காயும் பழமுமா 400 கிராமாவது சாப்பிடணும்னு சொல்லுது, உருளைக்கிழங்கு அந்தக் கணக்குல சேராதாம். நாலு பேரு உள்ள வீட்டுக்கு ஒண்ணரை கிலோவுக்கு மேல வருது. கிலோ அம்பதுன்னு போட்டாலே எம்பது ரூபா, தெனமும். எங்க தெருவுல யார்கிட்டயாவது இதைச் சொல்லிப் பாருங்க, ஒங்களத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க.

வெளியூர்க்காரங்க செட்டிநாடுன்னா எலை நெறைய ஐட்டம்னு நெனைப்பாங்க. ஆனா இது வறண்ட பூமிங்க. வருஷம் பூரா தண்ணி ஓடுற ஆறு கெடையாது, கண்மாய்ல தண்ணி நின்னாத்தான் வெள்ளாமை, ஐப்பசி கார்த்திகை மழை பேஞ்சா தை வரைக்கும் ஏதோ கீரை கத்திரிக்கான்னு ஓடும், பங்குனி சித்திரைல ஒட்டன்சத்திரத்துலேர்ந்தோ மதுரைலேர்ந்தோ லாரி வந்தாத்தான் உண்டு. அதனாலதான் நம்ம ஆளுங்க கத்திரி வத்தல், கொத்தவரை வத்தல், மாங்கா வத்தல், மிதுக்க வத்தல்னு கெடைக்கிற நாள்ல காய வச்சு கெடைக்காத நாளுக்கு வச்சுக்கிட்டாங்க. காய் கெடைக்காத பிரச்சனைக்கு இந்த ஊரு கண்டுபிடிச்ச மொத பதில் அதுதான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, வத்தல் போட வளவு வேணும். வெயில் விழுற முத்தம் வேணும், காக்கா வெரட்ட வீட்டுல ஒரு ஆளு வேணும், அடுக்கி வைக்க ஜாடி வேணும். பத்துக்குப் பத்து ரூம்ல, மாடி ஹவுஸ் ஓனருக்குங்கற எடத்துல எங்குன வத்தல் போடுறது? எங்க அப்பத்தாவுக்குத் தெரிஞ்ச அத்தனையும் எங்க தெருவுல எல்லா பொம்பளைங்களுக்கும் தெரியும், எடந்தான் இல்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன்.

எங்க தெருவுல ஒரு மகளிர் குழு இருக்கு. இந்த சுய உதவிக்குழு நம்ம மாநிலத்துல 1989ல தர்மபுரி பக்கம் ஆரம்பிச்ச விஷயம், இப்ப இல்லாத தெருவே இல்ல. வாரவாரம் கூடுவாங்க, சேமிப்பு கட்டுவாங்க, கடன் எடுப்பாங்க, கலைவாங்க. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், அவங்க பாஸ்புக் ஜெராக்ஸ், பேங்க் பாரம் எல்லாம் நான்தான் பாத்துக் குடுக்குறது, அதனால கூட்டத்துல ஓரமா உக்கார ஒரு உரிமை. அந்த மண்டி கதைய சும்மா சொல்லி பொலம்புனேன். எதுத்த வீட்டு அக்கா பட்டுன்னு கேட்டுச்சு, "ஏந்தம்பி, இருவது வீட்டுக்கும் சேத்து மண்டிலயே போயி எடுத்துட்டு வந்தா என்ன?" அது சொன்னது கமிஷன் மண்டிய, மொத்தமா காய் விக்கிற எடத்த. எனக்கு ஒரு நிமிஷம் கொழம்பிருச்சு, நான் இன்னும் கொழம்பு மண்டிலயே இருந்தேன்.

22 வீடு சேந்துச்சு, வீட்டுக்கு 500 ரூபா பங்கு, 11,000. மொத வாரம் நானும் அக்காவும் இன்னொரு வீட்டு அண்ணனும் வெடியக்காலம் நாலு மணிக்குப் போனோம். மண்டில யாரும் கிலோ கணக்கா பேச மாட்டாங்க, பெட்டி, சிப்பம், மூட்டைதான். எங்கள பாத்த ஒடனே புது ஆளுன்னு தெரிஞ்சிருச்சு போல. மேல அடுக்குல செவசெவன்னு தக்காளி, வீட்டுக்கு வந்து கொட்டினா அடில பாதி நசுங்கல். கீரை முப்பது கட்டு ஆசையா வாங்கிட்டோம், ஒம்போது மணிக்கு மேல வாடிருச்சு, பதினோரு கட்டு ஆட்டுக்குப் போச்சு. வாரக் கடைசில கணக்கு பாத்தா 1,300 ரூபா நட்டம். ரெண்டாவது வாரம் 900. என் வீட்டுக்காரி "ஜெராக்ஸ் கடைய மட்டும் பாருங்க"ன்னு சொல்லிட்டா.

அப்பத்தான் கணக்கய்யா உள்ள வந்தாரு. பேரு வேணாம், ரிட்டயர்டு கணக்கப்பிள்ளை, எம்பது வயசாகப் போகுது, இவரோட அப்பா பர்மாவுல ஒரு செட்டியார் கடைல எடுபிடி வேலை பாக்குற பெட்டியடிப் பையனா சேந்து, கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த எடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவராம். கிட்டங்கின்னு சொல்லுவாங்க தெரியுமா, ஒரே நீளமான கூடத்துல பல செட்டியார் கடைங்க, ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு பாய், அவங்கவங்க தொழில் தனித்தனி, ஆனா கூடம் ஒண்ணு, சமையல் ஒண்ணு. அதைச் சொல்லி சொல்லி வளத்திருக்காரு போல. எங்க நோட்ட வாங்கி ரெண்டு பக்கம் பொரட்டிப் பாத்துட்டு "இது கணக்கா, கோலமா"ன்னு கேட்டாரு. அன்னைக்கிலேர்ந்து மூணு நோட்டு. அன்னன்னைக்கு நடந்தத அப்படியே எழுத சிட்டை. வீட்டு வீட்டுக்கு ஒரு பக்கம் பிரிச்சு பேரேடு. மாசக் கடைசில எல்லாத்தையும் கூட்டி ஐந்தொகை. அந்த ஐந்தொகைய ஒரு அட்டைல எழுதி அக்கா வீட்டுத் திண்ணைல மாட்டணும், யாரு வேணாலும் நின்னு படிக்கலாம், படிக்கத் தெரியாதவங்களுக்கு பத்தாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு சத்தமா வாசிக்கும்.

அவரு வெலைய ஒடைச்சுக் காட்டுனது எனக்கு மறக்காது. மண்டில தக்காளி கிலோ 22க்கு விழுதா, ஆட்டோ வாடகைய பிரிச்சா கிலோவுக்கு ரெண்டு, நசுங்கல் அழுகல் மூணு, ஆக 27. நீங்க 25க்கு குடுத்துட்டு தர்மம் பண்றோம்னு நெனைச்சுக்கிட்டிருக்கீங்க, அந்த தர்மத்த மூணு வாரத்துக்கு மேல ஒங்களால பண்ண முடியாதுன்னாரு. 30 போடுங்க, தெருக்கடைல 40. மிச்சம் மூணு ரூபா குழுவுக்கு. அந்த அழுகலக் கொறைச்சாத்தான் லாபம், வெலைய ஏத்தி இல்லைன்னாரு. அழுகலக் கொறைக்கணும்னா யாருக்கு என்ன வேணும்னு வாங்கறதுக்கு முன்னாடியே தெரியணும். அம்புட்டுதான், மொத்த ரகசியமும் அதுல இருக்கு, காய்கறில வேற எந்த சூத்திரமும் இல்ல.

இப்ப செவ்வாயும் சனியும் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள ஆர்டர். வாட்ஸாப்ல எழுதுறவங்க எழுதுவாங்க, பாதிப் பேரு வாய்ஸ் நோட்டு, "தம்பி, கத்திரிக்கா அரைக்கிலோ, முருங்கைக்கா நாலு, போன தடவ மாதிரி முத்துன வெண்டைக்கா குடுத்துறாத"ன்னு. பாதி காசு முன்பணம். கீரை ஆர்டர் இருந்தா மட்டும்தான், அதுவும் மண்டிலேர்ந்து இல்ல, பக்கத்து கிராமத்துல கெணத்துப் பாசனம் வச்சிருக்க ஒரு ஆத்தா மொத பஸ்ஸுல கட்டி அனுப்பும், காசு அன்னைக்கே ஜிபேல அது பேரன் நம்பருக்குப் போயிரும். மறுநாள் காலைல அக்கா வீட்டுத் திண்ணைல பிரிச்சுக் குடுத்தது போக மிச்சம் விழுற காய் ஒம்போது மணிக்கு மேல கூறு பத்து ரூபா. தராசுக்கு அப்பப்ப அரசாங்க முத்திரை போடணும்குறது கூட எங்களுக்குத் தெரியாது, கணக்கய்யாதான் வெரட்டி வெரட்டி போட வச்சாரு.

பெரிய சண்டை எதுல வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? ஓட்டுல. ஒரு வீட்டுல பின்னாடி இன்னும் நாலு பங்கு போட்டு அஞ்சாக்குனாங்க, 2,500 ரூபா, அதனால எந்த மண்டில வாங்குறது யாரு போறதுங்கறதுல எங்க பேச்சுக்கு அஞ்சு மடங்கு வெயிட்டு வேணும்னாங்க. ரெண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்ல. அப்ப நான் ராத்திரி உக்காந்து கூட்டுறவு எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு படிச்சேன். இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு நெசவு ஊரு, 28 பேரு, நெசவாளிங்களும் மத்த தொழிலாளிங்களும், ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு 1844 டிசம்பர் 21ல ஒரு சின்ன கடை தொறந்தாங்க. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. அப்ப கடைக்காரங்க மாவுல கலப்படம் பண்ணுவாங்க, அதனால சுத்தமான சரக்கு, சரியான எடை, கடன் கெடையாது, ஆளுக்கு ஒரே ஓட்டு. லாபத்தப் பங்குக்குப் பிரிக்கல, யாரு எம்புட்டு வாங்குனாங்களோ அந்தக் கணக்குக்குப் பிரிச்சாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு நிஜமாவே சிரிப்பு வந்துச்சு, 180 வருஷத்துக்கு முன்னாடி எங்க தெரு சண்டையவே போட்டு முடிச்சிருக்காங்க. நம்ம ஊருல 1904லயே சென்னை திருவல்லிக்கேணில கூட்டுறவுப் பண்டகசாலை வந்துருச்சு. எல்லாத்தையும் கூட்டத்துல சொன்னேன். அந்த அஞ்சு பங்கு வீட்டு அண்ணன் "இங்கிலீஷ்காரன் கத எதுக்கு, நம்ம குன்றக்குடி அடிகளார் என்ன பண்ணாரு அதைச் சொல்லு"ன்னாரு. அவரு கேட்டது எனக்கு சாதகமாப் போச்சு. குன்றக்குடி இங்கேர்ந்து பத்து கிலோமீட்டர்தான். 1970கள்லயே அடிகளார் மடத்த விட்டு எறங்கி வந்து, காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, சிக்ரி, அந்த விஞ்ஞானிங்களையும் கூட்டிக்கிட்டு ஒரு கிராமத் திட்டம் போட்டு, ஊர்க்காரங்களையே உறுப்பினரா வச்சு கூட்டுறவு சங்கங்கள ஆரம்பிச்சாரு, டெல்லி வரைக்கும் அந்தத் திட்டத்தப் பத்திப் பேசுனாங்க. கூட்டுறவுன்னா அங்கயும் ஆளுக்கு ஒரு ஓட்டுதாண்ணே-ன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் நாலு பங்கத் திருப்பி வாங்கிக்கிட்டாரு, கோவமாத்தான், ஆனா இன்னிக்கும் அவரு வீட்டுலதான் அதிகமா காய் வாங்குறாங்க.

என் சித்தப்பா மகன் மிச்சிகன்ல கார் கம்பெனில இருக்கான். இந்த கதைய போன்ல சொன்னதும் "இங்கயும் இதே பிரச்சனைடா"ன்னான், நான் நம்பல. அமெரிக்காவுல காய் கெடைக்காத ஏரியாவா? டெட்ராய்ட்ல கருப்பின மக்கள் அதிகமா இருக்குற பல தெருக்கள்ல நல்ல மளிகைக் கடைய விட பெட்ரோல் பங்க் கடையும் சாராயக் கடையும்தான் கிட்டக்க இருக்குமாம், கார் இல்லாதவங்க பாடு திண்டாட்டம். அங்க ஜனங்களே உறுப்பினராச் சேந்து, பத்து வருஷத்துக்கு மேல காசு சேத்து, 2024ல உட்வர்ட் அவென்யூல டெட்ராய்ட் பீப்புள்ஸ் ஃபுட் கோ-ஆப்னு ஒரு முழு கடை தொறந்திருக்காங்க. கலிபோர்னியால மேற்கு ஓக்லாந்துல மண்டேலா க்ரோசரின்னு ஒண்ணு 2009லேர்ந்து ஓடுது, அங்க வேலை பாக்குறவங்களே மொதலாளிங்க.

ஆனா எனக்கு ரொம்ப உறைச்சது வேற கத. வட கரோலினால கிரீன்ஸ்போரோன்னு ஒரு ஊரு, ஒரு ஏரியாவுல இருந்த சூப்பர் மார்க்கெட்ட 1998ல மூடிட்டாங்க. அந்த ஜனங்க போராடி, உறுப்பினர் சேத்து, கடன் வாங்கி, 2016ல சொந்தமா கூட்டுறவுக் கடை தொறந்தாங்க. 2019 ஆரம்பத்துல மூடிருச்சு. ஆசையில்லாம இல்ல, ஒழைப்பில்லாம இல்ல. கூட்டமெல்லாம் வந்துச்சு, ஆனா நெனைச்ச அளவுக்கு யாவாரம் ஆகல, பெரிய கடைங்களோட வெலைல மோத முடியல. பெருசா கட்டிடம், பெருசா கடன், தெனமும் இம்புட்டு வித்தாத்தான் உண்டுங்கற கட்டாயம். எங்க தெருவுல சில பேரு இப்பவே "ஒரு ஷட்டர் கடை வாடகைக்கு எடுத்துருவோம், ஏசி போட்டுருவோம்"னு ஆரம்பிச்சிருக்காங்க. நான் இந்தக் கதையத்தான் சொல்றேன். வாடகை இல்ல, ப்ரிஜ் இல்ல, கரண்ட் பில்லு இல்ல, திண்ணைல ஆரம்பிச்சு திண்ணைலயே ஒம்போது மணிக்கு முடியுது, அதனாலதான் நாங்க மழைக்காலத்தையும் சித்திரையையும் தாண்டி நிக்கிறோம். இத முறையா சங்கமா பதிவு பண்ணலாமா வேணாமான்னு இன்னும் வாதம் ஓடுது. பதிவு பண்ணா பேங்க்குல மரியாதை, ஆனா தேர்தல், ஆடிட்டு, பேப்பர். கணக்கய்யா பண்ணணும்குறாரு, அக்கா வேணாம்குது, நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டுறேன்.

பெட்டிக்கடை அண்ணன மறந்துட்டேன் பாருங்க. மொத ரெண்டு மாசம் எங்க மூஞ்சிலயே முழிக்கல, ஏம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்கன்னு நேராவே சொன்னாரு. அவரு சொன்னதுல உண்மையும் இருக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ வெங்காயம் அவருகிட்ட ஓடிக்கிட்டிருந்துச்சு, அது நின்னு போச்சு. அப்பறம் அக்காதான் போய் பேசுச்சு. காலைல திண்ணைக்கு வர முடியாதவங்க பைய அவரு கடைல வச்சிட்டுப் போறோம், சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து எடுத்துக்குவாங்க, பைக்கு அஞ்சு ரூபா அவருக்கு. பை எடுக்க வர்றவங்க சும்மாவா போவாங்க, பாலு, பிஸ்கட்டு, பீடின்னு ஏதாச்சும் வாங்குவாங்க. இப்ப அவரே ஒரு பங்கு போட்டிருக்காரு.

எல்லாம் சொகமா நடக்குதுன்னு நெனைச்சுறாதீங்க. 22 வீட்டுல ஆறு வீடு நின்னுட்டாங்க, ஒரு குடும்பம் திருப்பூருக்கே போயிருச்சு, புதுசா ஒம்போது வீடு வந்திருக்கு. கடன் கெடையாதுன்னு அட்டைல பெருசா எழுதியிருக்கோம், ஆனா போன மாசம் ஒரு வீட்டுல ஆம்பளைக்கு கை முறிஞ்சு வேலையில்லாம கெடந்தப்ப மூணு வாரம் காய் குடுத்தோம், ராச்டேல்காரங்க பாத்தா திட்டியிருப்பாங்க, கணக்கய்யா பேரேட்டுல தனிப் பக்கம் போட்டு "வரவேண்டியது"ன்னு எழுதிட்டு மேக்கொண்டு ஒண்ணும் கேக்கல. நாலு மணிக்கு மண்டிக்குப் போற மொறை வந்தா எல்லாருக்கும் அன்னைக்குன்னு பாத்து காய்ச்சல் வரும். பாகக்காய இன்னும் ஒரு பய தொடமாட்டேங்குறான். பீட்ரூட்டு மட்டும் எப்படின்னு தெரியல, பிள்ளைங்க நாக்கு செவக்குதுன்னே கேட்டு வாங்க வைக்குதுங்க.

வெண்டைக்கா இப்ப வாரத்துக்கு பதினஞ்சு கிலோ ஓடுது. பெட்டிக்கடை அண்ணன் வீட்டுலயும் அரைக்கிலோ.

நாளைக்கு என்னோட மொறை. இந்த வாரம் ஆர்டர்ல வாழைத்தண்டு பதினொண்ணு இருக்கு, போன தடவ எட்டுதான் கெடைச்சது, அதுக்கு நடந்த சண்டைய நான் இங்க எழுத முடியாது. அலாரம் மூணே முக்காலுக்கு வச்சாச்சு, அக்கா ஒரு தடவ போன் பண்ணி எழுப்புறேன்னு சொல்லியிருக்கு, இருந்தாலும் பயமாத்தான் இருக்கு, படுக்குறேன்.